ஆடிக் கொடைக்கு ஒரு கேரள மேளம்

திங்கட்கிழமை காலை, தென்காசி

பொதிகை வண்டி தென்காசி நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டாகவில்லை. கதவருகே போய் நின்றதும் முகத்தில் சாரல் அடித்தது. சென்னையில் ஆடி என்றால் துணிக்கடைத் தள்ளுபடி. இங்கே ஆடி என்றால் குற்றாலத்துக் காற்று. பதினேழு வயதுவரை இந்த ஊரில் வளர்ந்தவள் நான். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று சென்னையோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இங்கே வந்து இறங்குவதற்குக் காரணம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று. இந்த முறை ஒரு காரணத்தை நானே உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆராய்ச்சிதான் காரணம். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். இசைத் துறையின் பொருளாதார, சமூகப் பிரச்சினைகள் பற்றி எங்கள் துறையில் ஓர் ஆய்வு நடக்கிறது. சினிமாப் பாட்டு, ஒலிப்பதிவுக் கூடம், கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்கள் என்று மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கோயில் கொடைக்கு வாசிக்கிறவர்களை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடை என்பது எங்கள் பக்கத்து அம்மன், சுடலை கோயில்களில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் திருவிழா. தவிலும் நாயனமும் பம்பையுமாக நையாண்டி மேளம் முழங்கிய கொடைகளில் இப்போதெல்லாம் கேரளத்துச் செண்டை மேளம்தான் முழங்குகிறது. உள்ளூர்க்காரன் பிழைப்பை மலையாளத்தான் கொண்டுபோய்விட்டான் என்று சென்னையில் உட்கார்ந்தே முடிவு கட்டிவிட்டேன். அதற்குச் சாட்சி சேர்க்கத்தான் இந்தப் பயணம்.

லாட்ஜுக்குப் போக ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார். "ஒன்றரை கிலோமீட்டருக்கு நூறா?" என்றேன். "சீசன்லாக்கா. அருவியே அள்ளிக் கொட்டுது, நாங்க மட்டும் என்ன செய்ய?" என்றார். எண்பதுக்கு ஒத்துக்கொண்டார். நான் ஊர்க்காரி என்று காட்டத்தான் அவ்வளவு பேரமும் பேசினேன். இறங்கும்போது "மெட்ராஸ்லேருந்து வருதியளா?" என்று கேட்டு மனசைப் புண்படுத்திவிட்டுப் போனார். அறை வாடகை ஆயிரத்து எண்ணூறு. ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரிந்தது, அதனால் வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

குளித்துவிட்டுப் பெரிய கோயிலுக்கு நடந்தேன். கோபுர வாசலில் காலை வைத்ததும் எதிரே வந்து தள்ளும் அந்தக் காற்று அப்படியேதான் இருக்கிறது. பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிய இடம். இப்போது சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வெளியே பஜாரில், பாட்டுப் பதிந்து தரும் கடையைத் தேடினேன். சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுப்பில் வந்தவர்கள் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர்களுக்கெல்லாம் அந்தக் கடைதான் தீனி போட்டது. வேண்டிய பாட்டைச் சொல்லிவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் கேசட் கிடைக்கும். அப்பா சொன்னதில் ஒன்றிரண்டைக் கடைக்காரர் விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்ததைப் போட்டுக் கொடுப்பார். கேட்டால், "இதும் நல்லாத்தான சார் இருக்கு" என்பார். அவர் ரசனையில்தான் எங்கள் தெருவே பாட்டுக் கேட்டது. அந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. "என்ன மாடல்க்கா?" என்று உள்ளே இருந்த பெண் கேட்டாள். பழைய கேசட் கடையைத் தேடி வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஓர் உறை வாங்கினேன். அது என் கைப்பேசிக்குப் பொருந்தவில்லை.

ஆடி, ஆவணி வந்தால் எங்கள் மொட்டை மாடியில் நின்று அப்பா காதைத் தீட்டிக்கொள்வார். வயல்களைத் தாண்டி மேளச் சத்தம் வரும். "இது மேலகரத்துப் பக்கம். அது இலத்தூர் மேளம், அந்தத் தவுலு அடியக் கேளு" என்பார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். ஆனாலும் தலையை ஆட்டுவேன். அந்தச் சத்தத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று பஜார் நடுவில் நிற்கும்போது எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை பிற்பகல், குற்றாலம்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பேரருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் பளபளவென்று நின்றது. அப்போதுதான் சாலையோரக் கல்யாண மண்டபத்தில் செண்டை எழுந்தது. எண்ணெய்க் கூட்டம் மொத்தமும் அங்கே திரும்பியது.

அந்த மேளத்தைப் பார்க்கத்தான் நானும் வந்தேன். சென்னையிலிருந்து பேசியபோது மேனேஜர் என்று ஒரு பெண் எடுத்தாள். "குற்றாலத்து வரூ, மண்டபத்தில் காணாம்" என்று, மண்டபத்தில் பார்க்கலாம் என்பதை மலையாளத்தில் சொன்னாள்.

ஆடி பார்க்காத கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளையை வாசலிலிருந்து மேடைக்கு அழைத்துப் போகும் மேளம். பொன் கரை போட்ட வெள்ளை வேட்டி, வெற்று மார்பு, நெற்றியில் சந்தனம். நடுவில் நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். முறுக்கிய பெரிய மீசை. அவர் ஒரு கையைத் தூக்கினால் அத்தனை செண்டையும் நிற்கும். மறுபடி இறக்கினால் நெஞ்சுக்கூடு அதிரும். எனக்குப் பிடித்துவிட்டது. பிடிக்கக் கூடாது என்று வந்தவளுக்குப் பிடித்துப்போனதில் எரிச்சலும் வந்தது.

முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். செண்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் மீசைக்காரரிடம், எந்த ஊர் என்ற அர்த்தத்தில், "சேட்டன் எவிடெயானு?" என்று கேட்டேன். "பத்தனாபுரம்" என்று ஒரு கேரளத்து ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து, குழுவில் ஒருவர் செண்டையை இறக்கி அவர் கால்விரல் மேலேயே வைத்துவிட்டார்.

"ஏலே, கண்ணு எங்கன இருக்கு ஒனக்கு? வெரலு போச்சுலே" என்றார் பத்தனாபுரத்துச் சேட்டன்.

ஒருவரும் அசையவில்லை. நானும்தான். இந்தத் தமிழைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். ஓரத்தில் கேரளத்துக் கசவுச் சேலை கட்டி நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"போச்சு. இனி என்னத்த மறைக்க? வாங்கக்கா, காப்பி குடிப்போம்."

அவள்தான் மேனேஜர், பெயர் பேச்சியம்மாள். மீசைக்காரர் அவள் புருஷன், பெயர் சுடலைமுத்து. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலத்தூர்தான் அவர்களுக்கு. பேச்சியம்மாள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில். அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதனால் அவளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. போனை எடுப்பது, பேசி முடிப்பது, போகிற இடத்தில் குழுவுக்காகப் பேசுவது எல்லாம் அவள்தான். சுடலைமுத்து தவில்காரர். தவில் வாய்ப்பு குறைந்த காலத்தில் புனலூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே செண்டையும் கற்றுக்கொண்டு வந்தார். குழுவில் மற்றவர்களும் அதே தெரு. தவிலும் பம்பையும் அடித்த கைகள்.

"தவிலை விட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க விட? எங்க தெருக் கொடைக்கு, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு அதான். வெளிய போனா இது" என்றார் சுடலைமுத்து. "ரெண்டும் தோலுதான டீச்சர்."

நேந்திரம்பழ பஜ்ஜி பத்து ரூபாய், காப்பி இருபது. உள்ளூர்க்காரன் பிழைப்பைக் கொண்டுபோன மலையாளத்தான் எதிரே உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். என் ஆய்வு முடிவு அந்தக் காப்பியிலேயே கரைந்துவிட்டது.

"செண்டை கத்துக்கிட்டது சரி. ஊரை ஏன் மாத்தணும்?" என்றேன்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்ற இரக்கம் இருந்தது.

"இலத்தூருன்னு சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாவக்கா. தெருவச் சொன்னா பேச்சு மாறிரும். கொறச்சுக் கேப்பாவ, வா போன்னு பேசுவாவ, பின்வாசல் வழியா வான்னுவாவ. பத்தனாபுரம்னு சொல்லிப் பாருங்க. எவனும் தெரு கேக்க மாட்டான்."

இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

பேசிக்கொண்டிருந்தபோதே அவள் கைப்பேசியில், மறுநாள் கொடைக்குப் போக வேண்டிய கோயிலின் வரைபடம் வந்தது. சுடலைமுத்து வாங்கிப் பார்த்தார். பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இந்த ஊரா? இங்கன நான் வரல."

"என்னத்த வரல?"

"நான் மட்டும் வேற மேளத்தோட வந்து தவுலு அடிச்ச ஊருட்டி. அத்தன பேருக்கும் என்னத் தெரியும். அச்சாரம் வாங்கும்போது ஊரு பேரு கேக்க மாட்டியா?"

"அச்சன்புதூர் பக்கம்னு சொன்னாவ. பக்கத்துல ஆயிரம் ஊரு கெடக்கு. நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

சிக்கல் எனக்கும் புரிந்தது. கொடைக்கு அச்சாரம் வாங்கிவிட்டு வராமல் இருந்தால் வட்டாரம் முழுவதும் பேர் கெட்டுவிடும். ஆடிச் செவ்வாய்க்கு வேறு மேளம் பிடித்துக் கொடுக்கவும் முடியாது. போய், அங்கே இவரைக் கண்டுபிடித்துவிட்டால் அதைவிட மோசம். கேரள மேளம் என்று ஏமாற்றினார்கள் என்ற பேச்சு ஒரே நாளில் பரவும். ஆடி, ஆவணிக் கொடைகள் அத்தனையும் போகும். குழுவில் உள்ள எல்லோர் வீட்டிலும் அதை நம்பித்தான் உலை.

"அவரு இல்லாமப் போக முடியாதா?" என்றேன்.

"கை காட்ட ஆளு வேண்டாமா? கண்டமேனிக்கு அடிக்கதுக்கா காசு தாராவ?" என்ற பேச்சியம்மாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, நீங்களும் வாங்க. கேரளா மேளத்தப் பத்தி எழுத வந்த காலேஜ் டீச்சர்னு சொல்லுவோம். நீங்க கூட நின்னா எவனுக்கும் சந்தேகம் வராது."

பொய்க்கு உடந்தையாகக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை, அச்சன்புதூர் பக்கம்

காலையில் ஆட்டோ பிடித்து இலத்தூர் குளத்தங்கரையில் இறங்கினேன். வேன் தயாராக நின்றது. சுடலைமுத்துவைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. மீசையை எடுத்திருந்தார். மேலுதடு மட்டும் வெளிறி, யாரோ போல இருந்தார். குழுவில் யாரும் கேலி பேசவில்லை. பேச்சியம்மாள் சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் வழக்கத்தைவிட அகலமாகப் பூசினாள்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், வாய்க்கால் நிறையத் தண்ணீர், மலைமேல் மேகம். இந்தப் பச்சையைப் பார்க்க எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். வேனுக்குள் ஒருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

ஊர் பெயரைச் சொல்வதில்லை என்று பேச்சியம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மன் கோயில், பெரிய பந்தல், வேப்பிலைத் தோரணம், குழல் விளக்குகளில் செய்த அம்மன். கொடைக் கமிட்டித் தலைவர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். எழுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, தோளில் விசிறி மடிப்புத் துண்டு. நான் அவரை அண்ணாச்சி என்றேன். அவர் என்னைத் தங்கச்சி என்று வைத்துக்கொண்டார். பேச்சியம்மாள் மலையாளம் கலந்து என்னை அறிமுகப்படுத்த, நான் ஆராய்ச்சிக்காரி முகத்தை மாட்டிக்கொண்டேன்.

பந்தலில் மேளக்காரர்களுக்கென்று நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். "உக்காருங்க, உக்காருங்க, காப்பி வருது" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுடலைமுத்து மட்டும் நாற்காலியைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் தரையைப் பார்த்தார். எங்கே உட்காருவது என்று கால் கேட்பதுபோல் ஒரு தயக்கம். பேச்சியம்மாள் சட்டென்று, "இரிக்கூ சேட்டா" என்றாள். உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்தான்.

காப்பி வந்தது, அதிரசம் வந்தது. வருகிறவர் போகிறவர் கண்ணெல்லாம் அவர் மேலேயே விழுவதுபோல் எனக்குத் தோன்றியது. உண்மையில் அவர்கள் கைப்பேசியில் செண்டையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மதியக் கொடை தொடங்கியது. செண்டைக்குச் சாமி வருமா என்று எனக்குள்ளே ஒரு குதர்க்கம் இருந்தது. வராமல் போனால் பழைய மேளத்தின் பெருமையை எழுதலாம் என்று ஒரு மூலையில் ஆசைகூட இருந்தது. அம்மனுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. மஞ்சள் ஆடையோடு நின்ற சாமியாடிக்கு முதல் சுற்றிலேயே அருள் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். சுடலைமுத்துவின் கை உயர்ந்து இறங்கியது. சாமியாடி அதற்கு ஏற்பச் சுழன்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்பா காதைத் தீட்டி நின்ற மாடி நினைவுக்கு வந்தது. இதைக் கேட்டால் "இலத்தூர்" என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

மதியக் கொடை முடிந்ததும் சாப்பாடு. பக்கத்து மண்டபத்தில் இலை போட்டிருந்தார்கள். அண்ணாச்சி மேளத் தலைவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். இந்தப் பக்கம் பேச்சியம்மாள், அடுத்து நான். சோறு விழுந்ததும் அண்ணாச்சி பேச்சை ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் அடிக்கிய. கொறை சொல்லல. ஆனா தங்கச்சி, முன்னால எங்க கோயிலுக்கு ஒரு மேளம் வரும். அதுல தவுலு அடிக்க ஒருத்தன் வருவான். அவன் கையி மாதிரி ஒரு கையி நான் பாத்ததில்ல. மழ கொட்டிட்டு இருக்கும், பந்தல் ஒழுகும், நனஞ்சுக்கிட்டே நிப்பான். அடிய நிறுத்த மாட்டான். எங்க அம்மை சாகக் கெடக்கும்போது, 'கொடை மேளம் கேக்குதாலே'ன்னுதான் கேட்டா. அவன் மேளத்தத்தான் கேட்டா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மாடி, என் அப்பா எல்லாம் வாய்க்கு வந்துவிட்டன. "அந்த மேளமெல்லாம் போச்சு அண்ணாச்சி. அந்த மனுசங்களும் போயிட்டாங்க. இனி அதை எங்க கேக்க?" என்று உருகினேன். சொல்லி முடித்த பிறகுதான், போய்விட்ட அந்த மனுஷர் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்து அவியலைப் பிசைந்துகொண்டிருப்பது உறைத்தது.

"நான் சொன்னது என்னன்னு சொல்லுங்கம்மா அவருக்கு" என்றார் அண்ணாச்சி பேச்சியம்மாளிடம்.

பேச்சியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் கை போல ஒரு கையை நான் பார்த்ததில்லை என்பதை, மழையை, பந்தலை, சாகக் கிடந்த அம்மையை ஒன்று விடாமல் மலையாளத்தில் சொன்னாள். அவள் குரல் நடுவில் ஓர் இடத்தில் உடைந்தது. இருமுவதுபோல் சமாளித்துக்கொண்டாள். சுடலைமுத்து இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சந்தோஷம்" என்றார் மலையாளத்தில். பிறகு ரசத்துக்குச் சோறு வாங்கிக்கொண்டார்.

வேனில் செண்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேப்பமரத்தடிக்கு நடந்தோம். கண்டுகொண்டார் என்று அந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கேன். மலையாளத்தான் எவனாவது நாற்காலியப் போட்டா தரையப் பாப்பானா?"

நான் வேனைத் திரும்பிப் பார்த்தேன்.

"மீசைய எடுத்தா ஆளு மாறிருவானா? வந்து எறங்கினப்பவே சந்தேகம். நாற்காலி முன்னால நின்னான் பாருங்க, அப்ப உறுதியாயிட்டு."

"அப்போ பந்தியில அவ்வளவும் சொன்னது?"

"பின்ன? அவன்கிட்ட நேர எப்படிச் சொல்ல? இத்தன வருசம் சொல்லல. இன்னைக்கு வாய்ச்சுது, சொன்னேன்." துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "பயப்படாண்டாம்னு சொல்லுங்க சுடலைமுத்துகிட்ட. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். அடுத்த ஆடிக்கும் அவன்தான். ஆனா மலையாளத்தானாவே வரட்டும். சுடலைமுத்தா வந்தான்னா நாற்காலி போட எனக்கு வழியில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலைவர் நீங்கதானே அண்ணாச்சி. நீங்க போட்டா யார் தடுப்பா?"

"போடலாம். மறுநாள் நான் தலைவரா இருக்க மாட்டேன். எம்பேத்தியக் கட்ட எவனும் வரமாட்டான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அவன் பக்கத்துல உக்காந்து சாப்புட்டேம்லா. அது எனக்குப் போதும்."

"அவருக்குப் போதுமா?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. அண்ணாச்சி கும்பிட்டுவிட்டுப் பந்தலுக்குத் திரும்பிவிட்டார்.

வேனில் எல்லோரும் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தப்பித்த சிரிப்பு. ஒருவர் சுடலைமுத்துவின் மீசையில்லாத முகத்தைக் கேலி செய்ய, அவரும் சிரித்தார். அண்ணாச்சி சொன்னதைச் சொல்லி அந்தச் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை மாலை, தென்காசி நிலையம்

பகலெல்லாம் சொல்வதா விடுவதா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். சொன்னால் அவர் மறுபடி அந்த ஊருக்குத் தலைகுனிந்து போக வேண்டும். சொல்லாவிட்டால் ஊரில் ஒருவர் தன்னைத் தெரிந்துகொண்டே உபசரிப்பது தெரியாமல் போவார். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. இந்தத் துன்பத்தில் நல்ல புரோட்டாவும் ருசிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வண்டிக்கு அரை மணி இருக்கும்போது சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்கள். குற்றாலத்து மங்குஸ்தான் பழம் ஒரு பை. அவள் தோலை அழுத்திப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததாகச் சொன்னாள். நடைமேடையில் மூவரும் உட்கார்ந்தோம். மேற்கே மலை பாதி மறைந்துவிட்டது. மொட்டை மாடிக் காலத்தில் நான் கேட்ட மேளம் எங்கிருந்தோ காற்றில் தானாக வந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடித்தவர்கள் அன்றைக்கு எங்கே உட்கார்ந்தார்கள், எதில் சாப்பிட்டார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த நினைவு இனிமேலும் இனிக்கும்தான். முன்போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்க மட்டும் முடியாது.

சிக்னல் விழுந்தது. இனிப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். வேப்பமரத்தடியில் அண்ணாச்சி சொன்னது அத்தனையும்.

பேச்சியம்மாளுக்கு முகம் சிவந்தது. "தெரிஞ்சுக்கிட்டேதான் நடிச்சாரா அந்த மனுசன்? நான் வேற மலையாளத்துல தொண்ட கிழியப் பேசிட்டு இருந்தேன். இருக்கட்டும், அடுத்த வருசம் ரேட்ட ரெட்டிப்பாக்குதேன்" என்றாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சுடலைமுத்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுதாலும் அழுவார் என்று பயந்தேன். வண்டி வெளிச்சம் தெரிய ஆரம்பித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அவரு எம்பேரச் சொன்னாரா?"

"சொன்னார்."

"சுடலைமுத்துன்னா?"

"ஆமா. ரெண்டு தடவை சொன்னார்."

வண்டி வந்து நின்றது. என் பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்தார், பழப் பையைக் கையில் கொடுத்தார். நான் ஏறி வாசலில் நின்றேன். அவர் இன்னும் அந்தப் பேச்சிலிருந்து வெளியே வரவில்லை என்பது தெரிந்தது.

"வாலிபத்துலேருந்து அங்கன அடிச்சிருக்கேன் டீச்சர். மழ, வெயிலு பாத்ததில்ல. ஒருநாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏ மேளம், இங்கன வா'ம்பாரு, 'ஏ மேளம், அங்கன போ'ம்பாரு. எம்பேரு அவருக்குத் தெரியும்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."